இசைத்தட்டு மறையுமா?

சென்ற ஆண்டு மாரியம்மன் திருவிழாவின்போது, றொசல்லவை அடுத்த தோட்டமொன்றின் கோயில் முன்றிலில், மேடையின் ஒரு மூலையில் நின்ற இளைஞன் ஒருவனை நெடுநேரம் கவனித்துக்கொண்டிருந்தேன். அவன் முன்னே ஒரு மடிக்கணினி இருந்தது. அதனோடு இணைத்த தட்டையான பெட்டியின்மேல் இரண்டு வட்டத் தட்டுகள் இருந்தன. அத்தட்டுகளின்மேல் இசைத்தட்டு யாதும் இல்லை, ஊசியும் இல்லை. பாட்டு முழுவதும் கணினிக்குள்ளே இலக்கங்களாய்க் கிடந்தது. எனினும், அவன் அவ்வெறுந்தட்டை விரல்நுனியால் முன்னும் பின்னும் அசைத்தான். ஒலிபெருக்கியினின்றும் இசைத்தட்டை ஊசி கீறும் ஓசை எழுந்தது. சூழ நின்ற பிள்ளைகள் ஆரவாரித்தனர். இல்லாத தட்டையும் இல்லாத ஊசியையும் நடித்துக் காட்டும் இக்கருவி எற்றுக்கு என்னும் ஐயமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாயிற்று.

பழைய இசைத்தட்டையும் சுழல்மேசையையும் இலக்கமுறை இசை அடியோடு ஒழித்துவிடுமா என்பது, 'டீ.ஜே.' எனப்படும் இசைத்தட்டுக் கலைஞரிடையே கால் நூற்றாண்டாக நிகழ்ந்துவரும் வழக்கு. ஒரு சாரார் இசைத்தட்டின் ஒலிக்கு உயிர் உண்டு, இலக்கத்தின் ஒலிக்கு அஃது இல்லை என்பர். மறுசாரார், காலத்துக்கு ஒவ்வாதது கழியும் என்று கூறி அமைவர். நம்மவர் இவ்விடயத்தைப் பேசப் புகின், பவணந்தி முனிவரின் புகழ்பெற்ற நூற்பா ஒன்றைத் தவறாது எடுத்தாளுவர். அந்நூற்பா சொல்லதிகாரத்தில் நிற்பது. மொழி வழக்கைப் பற்றியது. கிராமபோன் பெட்டிக்கும் அதனைச் சான்றாக்குதல் முனிவருக்கு நாம் இழைக்கும் சிறு கொடுமை என்றே எனக்குத் தோன்றுகின்றது. நிற்க.

'டிஸ்க் ஜொக்கி' என்னும் பெயர் முதலில் வழங்கியது வானொலியில் இசைத்தட்டுகளைத் தெரிந்து ஒலிபரப்பும் அறிவிப்பாளருக்கே. அவ்வகையில் தமிழுலகின் முதல் இசைத்தட்டுக் கலைஞர்களை நாம் வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. 1950ஆம் ஆண்டில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிற்று. 1952ஆம் ஆண்டில் இந்திய ஒலிபரப்பு அமைச்சராய் வந்த கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒதுக்கிவைக்க, அலைவரிசை முள்ளைத் திருகிய நேயர்கள் கொழும்புக்கு வந்து சேர்ந்தனர். எஸ். பி. மயில்வாகனம் முதலாக, கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஈறாக வந்த அறிவிப்பாளர் வரிசையைத் தென்னகம் தன் வீட்டுப் பிள்ளைகளாகவே கருதிற்று. பாட்டு சென்னையினது, தட்டு கல்கத்தாவில் அச்சானது, ஆயினும் எப்பாட்டின்பின் எப்பாட்டு வரவேண்டும் என்னும் தெரிவு கொழும்பினது. 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக் காலைப்பொழுதைத் தொடங்கியவர்களுக்கு அத்தெரிவின் அருமை தெரியும். கலைஞனின் வேலையில் முதற்பாகம் இத்தெரிவே.

இரண்டாம் பாகம் கையின் வேலை. அதனை விளக்குவதற்கு முன், எங்கள் பக்கத்து ஒலிபெருக்கிக்காரரை நினைவுகூர வேண்டும்.

1980களின் இறுதியில் யான் சிறுவன். திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பே, அட்டனிலிருந்து ஒரு வண்டியில் அவர் வந்து இறங்குவார். குழாய் வடிவான ஒலிபெருக்கிகள் இரண்டு சவுக்கு மரங்களின் உச்சியில் எதிரெதிர் மலைகளை நோக்கிக் கட்டப்படும். லயங்களில் அக்காலத்தில் மின்சாரம் இல்லை. கோயிலுக்குப் பின்னால் மின்பிறப்பாக்கி உறுமிக்கொண்டிருக்கும். ஒலிநாடாப் பெட்டி அவரிடம் வந்துவிட்ட காலந்தான். எனினும், சாமி புறப்படும் வேளைக்கென்று இசைத்தட்டுகளைத் தனியே ஒரு மரப்பெட்டியில் வைத்திருப்பார். ஒவ்வொரு தட்டையும் உறையினின்று எடுத்து, இரு உள்ளங்கைகளின் விளிம்பிலே தாங்கி, மெல்லிய துணியால் துடைத்து இடுவார். ஊசி துள்ளும் தட்டானால் ஊசித்தண்டின் தலையில் ஒரு நாணயத்தை வைப்பார். அப்படியும் சிலவேளை ஊசி ஒரு பள்ளத்திலேயே சிக்கிக்கொள்ளும். பாடகர் ஒரே சொல்லைப் பத்துத் தடவை பாடுவார். தேயிலை மலை முழுவதும் சிரிக்கும். அவர் ஓடிவந்து தண்டைத் தட்டிவிடுவார். எங்களைப் போன்ற சிறுவர் அருகில் சென்றால், "தொடாதே!" என்ற ஒரே சொல்.

அந்தச் சொல்லே இவ்வாராய்ச்சியின் உட்கிடை என்று பின்னாளில்தான் எனக்கு விளங்கிற்று. நமக்கு இசைத்தட்டு தொடத் தகாத பொருளாயிருந்தது. கீறல் விழுந்த தட்டு என்பது தமிழில் பழிச்சொல். சொன்னதையே சொல்பவனை அவ்வாறு இகழ்கின்றோம். அதே கீறலைக் கலையாக்கியவர்கள் வேறொரு தோட்டத்தின் மக்கள்.

யமேக்காத் தீவு கரும்புத் தோட்டங்களின் நாடு. ஆபிரிக்க அடிமைகளும், அடிமைமுறை ஒழிந்தபின் இந்தியக் கூலிகளும் உழைத்த நாடு. அங்கும் ஏழை மக்கள் இசைத்தட்டை விலைகொடுத்து வாங்கவில்லை. 1950களில் கிங்ஸ்ரன் நகரத்துச் சேரிகளின் வெட்டவெளியில், பெரும் ஒலிபெருக்கிகளை அடுக்கி வாடகைக்குப் பாட்டுப் போடுவோரிடமே கேட்டனர். இதுவரையில் அவர்கள் கதையும் நம் கதையும் ஒன்றே. 1960களின் பிற்பகுதியில் அங்கே ஒரு புதுமை நிகழ்ந்தது. பாட்டின் குரலை நீக்கி, வாத்திய இசையை மாத்திரம் தட்டின் மறுபக்கத்தில் அச்சிட்டனர். ஒலிபெருக்கிக்காரன் அவ்விசையின்மேல் தன் சொந்தச் சொற்களை ஒலிவாங்கியிற் கூறலானான். கேட்கும் பொருளாயிருந்த தட்டு, செய்யும் பொருளாய் மாறிற்று.

1967ஆம் ஆண்டில் அத்தீவிலிருந்து நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்த சிறுவன் ஒருவனே பின்னர்க் கூல் ஹேர்க் எனப் புகழ்பெற்றான். 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள், பிரொங்ஸ் பகுதியில் செட்ஜ்விக் வீதியிலுள்ள 1520ஆம் இலக்கத் தொடர்மாடியில், தன் தங்கை நடத்திய விருந்தில் அவன் இசைத்தட்டு ஒலிக்கச் செய்தான். பாட்டில் குரல் ஓய்ந்து தாளம் மாத்திரம் நிற்கும் சில விநாடிகளிலேதான் இளைஞர் மிகுந்த உவகையோடு ஆடுகின்றனர் என்பதை அவன் கண்டிருந்தான். ஒரே பாட்டின் இரு தட்டுகளை இரு சுழல்மேசைகளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடியுமுன் மற்றதில் அதனைத் தொடங்கி, சில விநாடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினான். சில ஆண்டுகளில் தியடோர் என்னும் இன்னொரு சிறுவன், ஓடும் தட்டைக் கையாற் பிடித்து முன்பின் அசைத்துக் கீறலோசையைத் தாளமாக்கினான். எங்கள் ஒலிபெருக்கிக்காரர் ஓடிவந்து தட்டிவிட்ட அதே பிழையை இவர்கள் வேண்டுமென்றே செய்தனர்.

இதற்குக் கருவியும் ஒத்துழைத்தது. அக்காலச் சுழல்மேசைகள் பெரும்பாலும் இறப்பர்ப் பட்டியால் இயங்கின. தட்டைக் கையாற் பிடித்தால் பட்டி தேயும், விட்டால் வேகம் பிடிக்கச் சுணங்கும். 1972ஆம் ஆண்டில் ஜப்பானிய மட்சுஷிட்டா நிறுவனம் 'டெக்னிக்ஸ்' என்னும் பெயரில் வெளியிட்ட எஸ்.எல். 1200 மேசையில் மோட்டார் அச்சாணியோடு நேரே பொருந்தியிருந்தது. மேசைக்கும் தட்டுக்கும் இடையே வழுக்கும் கம்பளித் துண்டு ஒன்றை இட்டால், அடியில் மேசை சுழன்றுகொண்டிருக்கத் தட்டை மாத்திரம் பிடித்து நிறுத்தலாம். விட்ட மறுகணம் உரிய வேகம் வந்துவிடும். 1979இல் வந்த அதன் மறுபதிப்பில், வேகத்தை நூற்றுக்கு எட்டு வீதம்வரை கூட்டவும் குறைக்கவும் வல்ல நழுவு பிடி அமைந்தது. வீட்டில் அமர்ந்து இசை கேட்போருக்கெனப் பிறந்த பெட்டி, இவ்வாறு வாசிக்கும் வாத்தியமாயிற்று.

இனி இலக்கமுறையின் வரவு. 1982இல் இறுவட்டு விற்பனைக்கு வந்தது. அதில் ஒலி, ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு எண்களாகப் பதியப்படுகின்றது. அவ்வெண்களைச் சுருக்கிக் கோப்பாக்கும் முறை 1990களிற் பரவிய பின்னர், நான்கு நிமிடப் பாட்டொன்று ஏறத்தாழ நான்கு மெகாபைற்றுக்குள் அடங்கலாயிற்று. விரலளவான 32 கிகாபைற்று நினைவுக் குச்சியில் எண்ணாயிரம் பாட்டுகள் கிடக்கும். எங்கள் ஒலிபெருக்கிக்காரரின் மரப்பெட்டியில் ஐம்பது தட்டு இருந்திருந்தால் மிகுதி. அதையே இரண்டு பேர் சேர்ந்து மலையேற்ற வேண்டியிருந்தது. இத்தகைய போட்டியில் தட்டு தோற்காதிருக்குமா?

தோற்றது, ஆனால் தோற்ற விதம் ஆராயத்தக்கது. 2001இல் பயோனியர் நிறுவனம் வெளியிட்ட சி.டி.ஜே. 1000 என்னும் இறுவட்டுக் கருவி, தன் தலையில் ஒரு பெரிய வட்டத் தட்டைச் சூடிக்கொண்டு வந்தது. அதனைத் தொட்டால் பாட்டு நிற்கும், அசைத்தாற் கீறும். இறுவட்டுக்கு இவ்வுறுப்பு இயற்கையில் வேண்டுவதன்று. 2004இல் நியூசிலாந்தின் செராற்றோ நிறுவனம் விற்பனைக்கு விட்ட முறை இன்னும் விந்தையானது. அதில் உண்மையான இசைத்தட்டே உண்டு. உண்மையான ஊசியும் உண்டு. தட்டில் பாட்டு மாத்திரம் இல்லை. பாட்டுக்குப் பதிலாக ஒரு குறியொலி பதிந்திருக்கும். ஊசி எவ்விடத்தில், எத்திசையில், எவ்வேகத்தில் ஓடுகின்றது என்பதை அவ்வொலியினின்றும் கணினி அறிந்து, தன்னிடமுள்ள பாட்டை அவ்வாறே ஓட்டும். தட்டு உடலாகவும் கோப்பு உயிராகவும் கூடுவிட்டுக் கூடுபாயும் வித்தை என்று இதனைக் கூறலாம்.

ஆகவே, 'மறையுமா?' என்ற வினாவை அப்படியே வைத்துக்கொண்டு விடை தேடுதல் பொருந்தாது. இசைத்தட்டுக்கு இருவேறு தொழில் உண்டு. பாட்டைச் சேமித்து வைப்பது ஒன்று. கைக்குப் பிடிகொடுப்பது மற்றொன்று. முன்னைய தொழிலில் இலக்கமுறை அதனை முற்றாக விலக்கிவிட்டது, அதில் வழக்கில்லை. பின்னைய தொழிலில் இலக்கமுறையே தட்டின் வடிவத்துக்குப் பணிந்துவிட்டது. கோயில் முன்றிலில் யான் கண்ட வெறுந்தட்டு அப்பணிவின் அடையாளம்.

தட்டின் காதலர் இங்கே ஒரு புள்ளிவிவரத்தை நீட்டுவர். 2020ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் இறுவட்டைவிட இசைத்தட்டே கூடிய வருமானம் ஈட்டியது. 1986க்குப் பின்னர் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. 2022இல் எண்ணிக்கையிலும் தட்டு முந்தியது. 2010இல் நிறுத்திய எஸ்.எல். 1200 வரிசையை டெக்னிக்ஸ் 2016இல் மீண்டும் தொடங்கியதும் உண்மையே. ஆயினும், இவை நம் வழக்குக்குச் சான்றாகா. அத்தட்டுகளை வாங்குவோரிற் பெரும்பாலார் வீட்டில் வைத்துக் கேட்போரும், உறையின் அழகுக்காகச் சேர்ப்போருமே. நடன மண்டபத்துக் கலைஞர் அல்லர். 2020 பெப்ரவரியில் கலிபோர்னியாவில் ஒரு தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. தட்டுகளை அச்சிடுதற்கான மூலப் படிமத்தை வெட்டும் மெருகுத் தட்டுகள் செய்யும் இடம் அது. அதன்பின் உலகம் முழுவதும் அப்பொருளுக்கு ஜப்பானிய நிறுவனம் ஒன்றையே பெரிதும் நம்பவேண்டியதாயிற்று. இத்துணை மெல்லிய நூலில் தொங்கும் ஒரு தொழிலின் மறுமலர்ச்சியை வெற்றி என்று முழங்குதல் அவசரம்.

ஒலியில் உயிர் உண்டென்னும் வாதத்தையும் என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. நல்ல அறையில், நல்ல கருவியில் வேறுபாடு இருக்கலாம். சவுக்கு மரத்து உச்சியில் கட்டிய குழாயின் வழியே, மழைக்காற்றோடு கேட்டவனுக்கு அவ்வாதம் பயன்படாது. பழைய தட்டை நினைத்து யான் உருகுவேனாயின், உருகுவது என் பத்து வயதுக்காகவே அன்றி ஒலிக்காக அன்று.

மேலும், தட்டின்மேல் நமக்கு இருக்கும் பற்று ஓர் உண்மையை மறைத்துவிடுகின்றது. இசைத்தட்டு ஒருபோதும் மலையகத்தின் குரலைச் சுமக்கவில்லை. ஒரு தட்டின் விலை அன்று தோட்டத் தொழிலாளிக்கு எட்டாதது. இன்றைய புதிய தட்டும் அவர்தம் பல நாள் வேதனத்தை விழுங்கும். குழாய்களில் ஒலித்தது சென்னைத் திரைப்படங்களின் பாட்டு. எங்கள் தாலாட்டும், ஒப்பாரியும், கொழுந்து மலைப் பாட்டும், காமன் கூத்தின் பாட்டும் தட்டேறாது வாயிலேயே வாழ்ந்தன. சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கியிராவிடின் சொற்களும் போயிருக்கும். அந்நூலை வகுப்பிற் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தோன்றும். சொல் அச்சில் உள்ளது. மெட்டைக் கேட்க வழியில்லை. "இது எப்படிப் பாடுறது சேர்?" என்று மாணவி ஒருத்தி கேட்டபோது, என் பாட்டியிடம் கேட்ட ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றுக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

எனினும், பிறர் மெட்டை எடுத்துத் தம் பொருளை ஏற்றும் கலை நமக்குப் புதிதன்று. 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்த கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை, மக்கள் வாயில் நின்ற பாட்டுகளின் மெட்டிலேயே தொழிலாளர் துயரை இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறு நூலாக அவை வெளிவந்தன. தெரிந்த மெட்டைக் கேட்டுத் திரும்பிய கூட்டம், தெரியாத செய்தியைக் கேட்டுச் சென்றது. யமேக்காவின் ஒலிபெருக்கிக்காரன் குரல் நீங்கிய தட்டின்மேல் பேசியதற்கும் இதற்கும் முறையளவில் எவ்வளவு வேறுபாடு? அவனுக்குத் தட்டின் மறுபக்கம் கிடைத்தது. அம்மையாருக்குத் தம் குரலே தட்டு. அவருக்குப் பின்வந்த நமக்குக் கருவி வந்து சேர்ந்தபோது, அதனோடு 'தொடாதே' என்ற சொல்லும் சேர்ந்தே வந்தது.

இப்பொழுது அத்தடை நீங்கிவிட்டது. கைப்பேசி ஒன்று இருந்தால் ஒலியைப் பதியலாம். கணினி ஒன்று இருந்தால் வெட்டலாம், ஒட்டலாம், வேகம் மாற்றலாம். இலக்கமுறையை யான் வரவேற்பது இவ்வொரு காரணத்தாலேயே; எண்ணாயிரம் பாட்டு அடங்கும் என்பதற்காக அன்று. எண்ணாயிரம் பாட்டு உடையவன் பெரும்பாலும் அவற்றுள் நாற்பதையே திரும்பத் திரும்பப் போடுகின்றான் என்பது மூன்று திருவிழாக்களில் யான் கண்ட உண்மை. ஐம்பது தட்டு உடையவரோ, எதை எந்நேரத்தில் எடுப்பதென்று சிந்தித்தே தீரவேண்டியவராயிருந்தார்.

மற்றுமொரு குறையைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. இன்றைய கருவிகளில், இரு பாட்டுகளின் தாள வேகத்தைத் தானே ஒப்பிட்டு இணைக்கும் பொத்தான் ஒன்றுண்டு. முன்னாளில் கலைஞன் ஒரு காதில் மண்டபத்தில் ஒலிக்கும் பாட்டையும், மறு காதில் இனி வரப்போகும் பாட்டையும் கேட்டு, விரலால் தட்டை இம்மி இம்மியாகத் தள்ளி இரண்டையும் ஒருமிக்கச் செய்தான். அதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். பொத்தானுக்கு ஒரு விரல் போதும். கருவி எளிதானதைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. மாணவர் கணிப்பான் பயன்படுத்துவதைத் தடுக்காத ஆசிரியன் யான். ஆனால் வாய்பாடு அறியாதவன் கணிப்பானில் தவறாக அழுத்திய விடையைத் தவறென்று அறிவதில்லை. காது பழகாதவனும் அவ்வாறே. அவனுக்கு எல்லாப் பாட்டும் ஒரே வேகமாய், ஒரே முழக்கமாய்ப் போய்முடிகின்றது. எங்கள் திருவிழா இரவுகள் பலவற்றின் நிலை இன்று இதுதான். பாட்டுக்குப் பாட்டு இருந்த அமைதியையும் இழந்தோம். தட்டு மாற்றும் அந்த அரை நிமிடத்திலேதான் மறு மலையில் நாய் குரைப்பதும், பூசகரின் மணியும் எங்கள் காதுக்கு எட்டும்.

தொடக்கத்திற் குறிப்பிட்ட இளைஞனிடம் மீள்கின்றேன். அவன் என் பழைய மாணவன் என்பதை இப்பொழுது கூறலாம். நள்ளிரவை அண்டிய வேளையில் அவன் திரைப்பாடல் ஒன்றின் அடியில் தப்பின் ஒலியைச் சேர்த்து ஓட்டினான். யாரோ சென்னையில் விற்ற ஓசையன்று அது. எங்கள் மலையின் தப்பு என்று காது உடனே கண்டுகொண்டது. விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும், திருமணத்துக்கும் சாவுக்கும் முன்சென்றதும் அத்தப்பே. இந்த மலைகளின் முதல் ஒலிபெருக்கி. அதனைக் கைப்பேசியிற் பதிந்து, வெட்டி, பாட்டின் வேகத்துக்கு இசைத்திருந்தான். என் உள்ளம் நிறைந்தது. இதோ கை தட்டைத் தொட்டுவிட்டது என்று எண்ணி நின்றேன்.

அப்பொழுது கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து மேடைக்கு வந்தார். அவர் தோட்டத்தில் நாற்பது ஆண்டு தப்படித்தவர். "தம்பி, இத எங்க புடிச்ச?" என்று கேட்டார். போன மாதம் மேல்பிரிவில் பதிந்ததாக அவன் கூறினான். "அன்னிக்கு அங்க எழவுல்ல. இது எழவுத் தப்பு. சாமி முன்னால இத அடிப்பாங்களா?"

இளைஞன் வெறுந்தட்டைப் பிடித்து நிறுத்தினான். சுற்றிலும் ஆட்டம் நின்றது. சிறிது நேரம் ஒன்றும் பேசாது நின்றவன், பின்னர், "சாமித் தப்பு எப்பிடித் தாத்தா?" என்று கேட்டான். முதியவர் தம் தப்பை எடுத்துவரப் பேரனை லயத்துக்கு அனுப்பினார். தோலைக் காய்ச்சுவதற்கு நெருப்பு மூட்டச் சிலர் விறகு தேடிச் சென்றனர். இளைஞன் கைப்பேசியை எடுத்துப் பதியும் பொத்தானின்மேல் விரலை வைத்துக்கொண்டு, கோயிற்படியில் அவர் அருகே அமர்ந்தான்.